முன்பு குடியிருந்தவர் விளக்கு

என் மகள் தன் அறைச் சுவரில் நியான் என்று சொல்லி ஒரு விளக்கு மாட்டியிருக்கிறாள். வெறும் பிளாஸ்டிக். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வெட்கம் வருகிறது. காரணத்தை அவளிடம் சொன்னதில்லை. தொண்ணூறுகளின் கடைசியில், அமெரிக்காவில் டெக்சாஸின் ரிச்சர்ட்சனில் எங்கள் அபார்ட்மெண்ட் சுவரில் எரிந்தது நிஜக் கண்ணாடி. நானே செய்தது. ஜன்னலில் மழைத் தண்ணீர் வழிவதுபோல் மூன்று சிவப்புக் கோடுகள்.

அப்போது எனக்கு டிபெண்டன்ட் விசா. வேலைக்குப் போக முடியாது. கடைகளுக்கு நியான் போர்டு செய்யும் பட்டறையில் சனிக்கிழமைதோறும் வகுப்பு நடத்தினார்கள். கண்ணாடிக் குழாயைத் தீயில் இளக்கி, நசுங்கிவிடாமல் வாயால் ஊதிக்கொண்டே வளைக்க வேண்டும். கோடை முழுக்க விரலைச் சுட்டுக்கொண்டேன். முதன்முதலில் அது எரிந்தபோது, இந்த ஊரில் எனக்கும் ஒரு வேலை இருக்கிறது என்று தோன்றியது. என் கணவருக்குத்தான் கூச்சம். எம்.எஸ்ஸி. படித்த மனைவி கம்ப்யூட்டர் கோர்ஸில் சேராமல் போர்டுக் கடையில் நிற்கிறாள் என்று ஆபீஸ் தமிழர்களிடம் எப்படிச் சொல்வார், பாவம்.

எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் நடந்த மாலை, பாஸ்டரின் மனைவி நுழைந்ததுமே சுவரைப் பார்த்து நின்றுவிட்டார். “என்னப்பா இது, பார் மாதிரி இருக்கு?” நல்ல மனுஷி, என் முதல் குளிர்காலத்துக்குத் தன் கோட்டையே கொடுத்தவர். என் கணவர் சட்டென்று, “முன்னாடி இருந்தவங்க விட்டுட்டுப் போனது ஆன்ட்டி” என்றார். நான் சமோசாத் தட்டுடன் சிரித்துவைத்தேன்.

“அவங்களோடதா? அப்ப ஏன் வச்சிருக்கீங்க? இன்னிக்கே ப்ரே பண்ணி கிளியர் பண்ணிடலாம்.”

முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன பொருளில் கெட்ட ஆவி ஒட்டியிருக்கும் என்று அதை ஜெபம் செய்து வெளியேற்றுவது எங்கள் சபையில் வழக்கம். அது எப்படி எனக்கு மறந்துபோனது என்று தெரியவில்லை. என் கணவர் என்னைப் பார்த்தார். பாஸ்டர் முன்னால் அவரைப் பொய்யராக்க எனக்கு வாய் வரவில்லை. உண்மையைச் சொல்ல அவருக்கும் வரவில்லை.

ஜெபம் முடிந்ததும் ஒரு அங்கிள் பிளக்கைப் பிடுங்கி விளக்கை இறக்கினார். அவர் பிடித்த பிடியில் குழாய் உடைந்துவிடும்போல் இருந்தது. குப்பைக்குத்தான் போகிறது என்று தெரிந்தும், பதறிப்போய் நானே வாங்கிக்கொண்டேன்.

குப்பைத்தொட்டி வரை ஆன்ட்டி மட்டும் கூட வந்தார். அணைந்துபோன கண்ணாடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“அழகாத்தான் இருக்கு. யாரோ கஷ்டப்பட்டுப் பண்ணியிருக்காங்க. யாருன்னு உனக்குத் தெரியுமாம்மா?”

“தெரியாது ஆன்ட்டி” என்றேன்.

என் கணவர் அப்போது பக்கத்தில்கூட இல்லை.