கார் ஷெட்டில் பூஜை அறை டைல்ஸ்

புதுப்பட்டினத்தில் எங்கள் கார் ஷெட்டுக்குச் சொரசொரப்பான டைல்ஸ் போதும் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் கேட்கவில்லை. பூஜை அறைக்குப் போடுகிற வெள்ளைப் பளபளப்பைத்தான் கொண்டுவந்து இறக்கினார். ஒட்டி முடித்த அன்று மாவிலைத் தோரணம் வேறு, கண்றாவி. பார்க்க வந்த என் தம்பியை வாசலிலேயே மறித்தார்.

"இன்னா மச்சான், செருப்போட வர்றே? கயட்டிட்டு வா, புது டைல்ஸ் கீதுல்ல?"

டயரைக் கழற்றிவிட்டு வா என்று காரிடம் சொல்ல முடியுமா? அது தெருவில் உப்புக்காற்றில் நிற்கிறது. கதவோரமெல்லாம் துரு, மேலெல்லாம் காக்கா எச்சம். காரைத் துடைக்க வாங்கிய துணியால் இந்த மனுஷன் மண்டியிட்டு டைல்ஸைத் துடைக்கிறார்.

நேற்று மழை பிடித்துக்கொண்டது. விழுந்தடித்து ஓடினார். காரை உள்ளே விடத்தான் என்று நினைத்தேன். ஷெட் கதவைச் சாத்திவிட்டு வந்தார். சாரலில் டைல்ஸ் நனைந்துவிடுமாம்.