துறுதுறுவும் ஒரு கப்ளிங்கும்

பட்டறையில் அவருக்குத் துறுதுறு என்று பெயர். ஐம்பத்து மூன்று வயது ஆளுக்குப் பொருந்தாத பெயர்தான். ஆனால் சேர்ந்தாற்போல இரண்டு நிமிடம் அவர் ஓரிடத்தில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. டீ குடிக்கப் போன இடத்திலும் ஆடுகிற பெஞ்சுக்கு அட்டை மடித்து முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் கிளாஸைத் தொடுவார். வீட்டுத் தாழ்ப்பாள், மின்விசிறி, துணிக்கொடி எதுவும் கடையில் வாங்கியபடி இல்லை. "இந்த வீட்டுல இவர் மாத்தாம விட்டது என்னை மட்டும்தான்" என்பாள் மனைவி, வருகிறவர்களிடமெல்லாம்.

என்ஜினுக்குள் டீசலைத் தூவும் நாசில்களைச் சோதிப்பது அவர் வேலை. லாரியிலிருந்து கழற்றி வந்த நாசிலைச் சோதனை பம்பின் பைப்பில் மாட்டி, நட்டை இறுக்கி, லீவரை அழுத்த வேண்டும். கேஜின் முள் இருநூறைத் தொடும்போது நாசில் கர்ரென்று ஒரே சீரான சத்தத்தோடு திறந்து, புகைபோலத் தூறல் விடும். விட்டால் நல்லது. நுனியில் சொட்டு நின்றால், சத்தம் விட்டுவிட்டுக் கரகரத்தால், போச்சு. அவர் போச்சு என்றால் போச்சுதான். இருபத்திரண்டு வருஷத்தில் ஒருவரும் மறுபேச்சுப் பேசியதில்லை.

மூன்று மாதமாக வலது மணிக்கட்டு அவர் சொன்னதைக் கேட்கவில்லை. நாளைக்கு நாற்பது நாசில். ஒவ்வொன்றையும் ஸ்பேனர் போட்டு இறுக்கித் தளர்த்தியதன் பலன். மாலையில் சட்டைப் பொத்தானுக்கே இடது கை வேண்டியிருந்தது. முதலாளியிடம் மூச்சுவிடவில்லை. தெரிந்தால் மேசை முதலாளியின் மச்சான் கைக்குப் போய்விடும். அந்த மச்சான் ஏற்கெனவே இரண்டு தடவை சோதனை மேசை ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தவன். இவரை முன்பக்கம் ரசீது எழுத உட்கார வைப்பார்கள். நாள் முழுக்க உட்காருவது என்று நினைத்தாலே அவருக்கு உடம்பு அரித்தது.

அதனால்தான் கிரேன் சாமான் விற்கும் கடையில் பைப்புகளை இணைக்கும் ஒரு கப்ளிங்கை வாங்கி வந்தார். தள்ளினால் சொடுக்கென்று மாட்டும். வளையத்தை இழுத்தால் கழன்றுவிடும். எழுநூறு கிலோ அழுத்தம் தாங்கும் என்று அதன் மேலேயே பொறித்திருந்தது. ஒரு பாதியைப் பம்பின் பைப்பில் பொருத்தினார். மறுபாதியில் ஆறு வாங்கி, ஒவ்வொன்றுக்கும் ரப்பர் வளையம் வைத்த ஒரு தலையை லேத்தில் கடைந்தார். தலையை நாசிலில் விரலால் திருகினால் போதும். ஸ்பேனருக்கு வேலையே இல்லை. போன கையோடு வீட்டு வாஷிங் மெஷின் குழாய்க்கும் சின்னதாக ஒன்று வாங்கி மாட்டிவிட்டார்.

தலைகள் தயாரானதும் ஒரு நாள் காலையில் இரண்டு தலைகளில் பலமுறை அழுத்தி வெள்ளோட்டம் பார்த்தார். நன்றாக இருந்தது. என்ன திடீரென்று இந்த ஏற்பாடு என்று முதலாளி கேட்டதற்கு, நேரம் மிச்சம் என்று சொல்லி வைத்தார். அப்புறம் ஒரு தண்ணீர் லாரியின் ஆறு நாசில்கள் வந்தன. ஆறில் நான்கு கரகரத்தன, சொட்டின. நான்கையும் பழைய இரும்பு போடும் டிரம்மில் எறிந்தார். புதுசு மாட்டி ஆறு மாதம்கூட ஆகவில்லையே என்று லாரிக்காரர் முதலாளியிடம் போனில் இழுத்தாராம். பிறகு, "அவர் சொன்னா சரிதான், நாளைக்கே வாங்கிடறேன்" என்றாராம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தும் அந்த வார்த்தை அவரை விடவில்லை. ஜன்னல் கொக்கியைக் கழற்றினார், மாட்டினார். அலமாரிக் கதவைத் திறந்தார், மூடினார். துணி போட்டுக்கொண்டிருந்த மனைவி பொறுக்க முடியாமல் கூப்பிட்டாள்.

"சும்மா நடந்து தரையைத் தேய்க்கிறதுக்கு இதைக் கொஞ்சம் பாருங்க. நீங்க மாட்டின நாள்லேர்ந்து குழாய் இருமிட்டுத்தான் தண்ணி விடுது."

மெஷின் மூன்று தடவை கக் கக்கென்று துப்பியது. பிறகுதான் தண்ணீர் ஒழுங்காக வந்தது.

"ஏர் பிடிச்சிருக்கு" என்றார். சொன்னவர் அப்படியே நின்றார்.

ஸ்பேனர் பிடித்த காலமெல்லாம் அவர் கை ஒரு காரியம் செய்துவந்தது. நட்டை அரைச்சுற்று தளர்வாக விட்டு, லீவரை இரண்டு தடவை அழுத்தி, குமிழி நின்று எண்ணெய் கசிந்த பிறகே இறுக்கும். கை செய்ததால் மனதுக்கு அது ஒரு வேலையாகவே தெரியவில்லை. கப்ளிங்கில் தளர்த்த ஏது இடம்? சொடுக்கென்று மூடிக்கொண்டது, காற்றையும் உள்ளே வைத்து. கரகரத்ததும் சொட்டியதும் அந்தக் காற்றால்தான், நாசிலால் இல்லை. தேறிய இரண்டு நாசிலும் காலையில் வெள்ளோட்டம் பார்த்த தலைகளில் மாட்டியவை. அவற்றில் ஏற்கெனவே எண்ணெய் நிரம்பியிருந்தது.

"எங்க கிளம்பிட்டீங்க? இதை யாரு பார்க்கிறது?" என்று மனைவி கேட்டபோது அவர் வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார்.

பட்டறை அடைக்க இன்னும் அரைமணி இருந்தது. டிரம்மில் கைவிட்டு நான்கையும் பொறுக்கினார். கப்ளிங்கைக் கழற்றிவிட்டுப் பழைய நட்டைப் போட்டார். முதல் நாசில் கர்ரென்று பாடியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை இறுக்கும்போது மணிக்கட்டில் மின்சாரம் பாய்ந்தது போலிருந்தது. ஸ்பேனர் தரையில் விழுந்த சத்தத்துக்கு முதலாளி எட்டிப் பார்த்தார்.

"கை எத்தனை நாளா இப்படி?"

"மூணு மாசம்."

முதலாளி ஸ்பேனரைப் பொறுக்கி மிச்ச இரண்டையும் தானே இறுக்கிக் கொடுத்தார். அவையும் நல்லவைதான். பிறகு லாரிக்காரர் எண்ணைப் போட்டுப் போனை நீட்டினார்.

"மொதல்ல இவருக்கு நீங்களே சொல்லுங்க. மத்தது அப்புறம்."

நாலும் நல்லாத்தான் இருக்கு, தப்பு என்னுது, புதுசு வாங்காதீங்க என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். மறுமுனையில் லாரிக்காரர் கேட்டார்.

"இப்ப சொல்றது நிச்சயந்தானா?"

இருபத்திரண்டு வருஷத்தில் அவரை யாரும் கேட்காத கேள்வி. போனை அணைக்காமல் மேசைமேல் வைத்துவிட்டு இடது கையால் லீவரை அழுத்தினார். நாசில் கர்ரென்றது. மறுபடி அழுத்தினார்.

"சரி சரி, கேக்குது" என்றது போன்.

டாக்டர் பதினைந்து நாள் கையை ஆட்டக் கூடாது என்று கட்டுப் போட்டார். அந்தப் பதினைந்து நாளும் மச்சான் ஸ்டூலில், இவர் பக்கத்து நாற்காலியில் என்று முதலாளி தீர்த்துவிட்டார். அதற்குப் பிறகு எப்படி என்பதை அப்புறம் பார்க்கலாம் என்றார். முதல் நாள் பத்து நிமிடம் தாங்கினார். பிறகு எழுந்துபோய், காற்று வெளியேற அந்தக் கப்ளிங் தலையில் ஒரு சின்ன ஸ்க்ரூ எங்கே வைக்கலாம் என்று இடது கையால் கோணலாகக் கோடு போட ஆரம்பித்தார்.