அமாவாசையில் பிடித்த இறால்

பெருமாநல்லூரில் பனியன் கம்பெனி வைத்திருந்த சிலருக்கு அப்போது வேதாரண்யம் பக்கம் இறால் குட்டை குத்தகைக்கு எடுக்கும் மோகம் பிடித்திருந்தது. என் கணவரும் ஒன்று எடுத்தார். கடலும் தெரியாது, உப்பும் தெரியாது; ஆசை மட்டும் நன்றாகத் தெரியும். குட்டையைப் பார்த்துக்கொள்ள அந்த ஊர்க்காரர் ஒருவரை வைத்தோம். சம்பளம் சாப்பாட்டுக்கு, செலவு போக நிற்கும் லாபத்தில் ஒரு பங்கு அவருக்கு. அந்தப் பங்கை நம்பித்தான் மகளை நர்சிங் படிப்பில் சேர்ப்பதாகச் சொல்லியிருந்தார்.

நாலு மாதம் நோய் அண்டாமல், தீவனமும் டீசலும் கொட்டி, கிலோவுக்கு முப்பது இறால்தான் நிற்கும் என்ற அளவுக்குப் பெரிதாக வளர்த்துவிட்டார். பிடிக்கிற நாளைக் குறித்தது நான். எங்கள் கம்பெனியில் லோடு ஏற்றுவதே அமாவாசையில்தான். போனில் சொன்னதும் அவர் பதறினார்.

“அமாவாசயில எறா ஓடு உரிக்கும்மா. மெத்துனு இருக்கும், வெல போவாது. ஒரு அஞ்சு நாள் பொறுங்க.”

“ஏனுங்ணா, நெறஞ்ச அமாவாசையையே வேண்டாங்கறீங்களா? வலையப் போடுங்க, சாமி பாத்துக்கும்.”

அஞ்சு நாள் தீவனம் மிச்சம் என்று வேறு சொன்னேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன.

பூசணிக்காய் சுற்றி உடைத்துவிட்டுப் பிடித்தோம். வியாபாரி கூடை கூடையாகக் கையை விட்டு, இறாலின் முதுகைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். அமுங்கியதை எல்லாம் ஒதுக்கினார். பாதிக்கு மேல் ஒதுங்கியது; அதற்குப் பாதி விலைதான். போட்ட பணம் எங்கள் கைக்கு வந்துவிட்டது. லாபம் நிற்கவில்லை, அதனால் அவருக்குப் பங்கும் இல்லை. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூசியது. திட்டியிருக்கலாம் அந்த மனிதர். “தண்ணி குடிங்கம்மா, வெயிலா இருக்கு” என்றார்.

அடுத்த மகசூலில் பார்த்துக்கொள்ளலாம் என்று என் கணவர் சொல்ல, நானும் வாயை மூடிக்கொண்டேன். அமாவாசைக்கு முன்னால் மூடியிருக்க வேண்டிய வாய்.

அடுத்த மாதம் குட்டையைப் பார்த்துக்கொண்டவரின் மகள் எங்கள் கம்பெனிக்கே செக்கிங் வேலைக்கு வந்தாள். ட்யூப் லைட்டுக்குக் கீழே பனியனை விரித்து, தடவிப் பார்த்து, ஓட்டை உள்ளதை ஒதுக்கிப் போடுவாள். ஒருநாள் மனசு கேட்காமல் பக்கத்தில் போய் நின்றேன்.

“எம்மேல கோவமா கண்ணு?”

“இல்லக்கா. நீங்க நல்லவங்கன்னுதான் அப்பா அனுப்பி வச்சாரு” என்றாள். கை மட்டும் நிற்கவில்லை. “நாளைக்கு அமாவாசையாம், லோடு ஏத்தணுமாம். சீக்கிரம் முடிக்கச் சொன்னாங்க.”

அடுத்த பனியனை எடுத்து விரித்தாள்.