கல் மட்டும் போடுகிறவர்

துறைமுக வாசலுக்கு எதிரே இரண்டு நாற்காலி போட்ட முடிவெட்டும் கடை ஒன்று இருக்கிறது. என் மாமாவுடையது; அதாவது, என் அக்காவின் கணவருடையது. அவர் பெயரைச் சொல்லிக் கேட்டால் அங்கே ஒருத்தருக்கும் தெரியாது. ‘கல்லு’ என்று கேளுங்கள், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விடுவார்கள். கல்லெறிகிற கலாட்டாப் பேர்வழி என்று நினைத்துவிட வேண்டாம். ஈயை விரட்டக்கூடக் கை ஓங்க யோசிக்கிற மனிதர். கல், காகிதம், கத்தரி விளையாட்டில் எப்போதும் கல்லை மட்டுமே போடுவார், அவ்வளவுதான்.

அந்த விளையாட்டு உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்லி இருவரும் ஒரே நேரத்தில் கையை நீட்ட வேண்டும். மூடிய கை கல், விரித்த கை காகிதம், இரண்டு விரல் கத்தரி. கல் கத்தரியை மழுக்கும், கத்தரி காகிதத்தை வெட்டும், காகிதம் கல்லைச் சுற்றி மூடிவிடும். ஒரே மாதிரி வந்தால் மறுபடியும் ஆட வேண்டும்.

கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கப்பல்காரர்கள். ஒருத்தர் பேசுவது இன்னொருத்தருக்குச் சரியாகப் புரியாது. ஆனால் யார் முதலில் உட்காருவது என்று வந்துவிட்டால் எல்லார் கையும் நீளும். மாமாவுக்கு அது தீராத ஆச்சரியம். முகமெல்லாம் சோப்பு நுரையோடு சாய்ந்திருப்பவரிடம்கூட, “உங்க ஊர்ல இதை எப்படி ஆடுவீங்க?” என்று சைகையும் அரைகுறை இங்கிலீஷுமாகக் கேட்பார். இதெல்லாம் எங்கள் நாட்டுப் பழைய புத்தகத்திலேயே இருக்கிறது என்றார் சீனத்துச் சமையல்காரர் ஒருவர். அவருக்கு அடுத்து உட்கார்ந்திருந்த ஜப்பான்காரர் விடுவாரா? எங்கள் முன்னோர் பாம்பு, தவளை, நத்தை என்று ஆடினார்கள், கல்லும் கத்தரியும் எங்களிடமிருந்துதான் உலகம் சுற்றப் புறப்பட்டன என்று மல்லுக்கு நின்றார். இந்தோனேசியாவிலிருந்து வந்த மாலுமி சொன்னது யானை, மனிதன், எறும்பு. யானையை எறும்பு எப்படி ஜெயிக்கும்? காதுக்குள் புகுந்துவிடுமாம்!

மாமா இதையெல்லாம் சேர்த்துவைத்து, சாயங்காலம் அக்காவிடம் கொட்டுவார். அக்காவுக்கு சலவைக்கடையில் இஸ்திரி போடும் வேலை. நாளெல்லாம் நின்று கால் கடுக்க வந்திருப்பாள்.

“உலகமே ஆடட்டும். இன்னிக்குப் பாத்திரம் யார் கழுவுறதுன்னு பாக்கலாம். கையை நீட்டுங்க.”

மாமா கல். அக்கா காகிதம். அடுத்த நிமிஷம் மாமா பாத்திரத்தோடு குழாயடியில். கல்யாணமான நாளிலிருந்து இதே கூத்துதான். எனக்குப் பொறுக்காமல் ஒரு தடவை கேட்டேவிட்டேன்.

“ஏன் மாமா, ஒரே ஒரு தடவை கத்தரி போட்டா என்ன குறைஞ்சா போயிடுவீங்க?”

“காலையில இருந்து கையில கத்தரிதான் மச்சான். வீட்டுக்கு வந்தும் அதையே தூக்கணுமா?”

“அவரு கிடக்கட்டும்டா,” என்றாள் அக்கா. “தோக்குறதுக்கும் ஒரு ராசி வேணும்.” சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்த அக்காதான் ஒரு நாள் இஸ்திரிப்பெட்டியைக் கையில் பிடித்தபடியே சரிந்தாள். பக்கவாதம். வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. வலது கை மட்டும் மூடிக்கொண்டு, யார் என்ன செய்தாலும் திறக்கவில்லை. பயிற்சி கொடுக்க வந்த பெண் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டாள்: “அவங்களா அந்தக் கையைத் திறந்தா நம்பிக்கை இருக்கு. அவங்களுக்குப் பிடிச்சது எதையாவது செய்ய வைங்க.”

பிடித்தது என்று வேறென்ன இருக்கிறது? மாமா கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். “ஒண்ணு, ரெண்டு, மூணு.” அக்காவின் மூடிய கை. மாமாவின் கல். சமம். மறுபடியும் அதே. மறுபடியும் அதே. அக்கா தன் கையையே முறைத்துப் பார்த்தாள். காகிதம் போட அவள் படுகிற பாடு, கழுத்து நரம்பு புடைத்ததில் தெரிந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் காதுப்பக்கமாக இறங்கியது. அதற்குமேல் நான் அங்கே நிற்கவில்லை.

மறுநாள் மாமா கத்தரி போட்டார். ஆமாம், அவரேதான்! அக்காவின் கல் ஜெயித்தது. பாதி உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது. அன்றிலிருந்து தினமும் கத்தரிதான். எனக்கு வந்ததே கோபம்!

“மூடின கையோடயே ஜெயிச்சா அவ எதுக்கு மாமா கையைத் திறக்கப் போறா? பழையபடி கல்லு போடுங்க. ரோஷம் வரட்டும், தானா திறப்பா.”

“அவ தோத்து நான் பாத்ததே இல்ல மச்சான். சமம்னு ஆனதுக்கே அன்னைக்கு எப்படி அழுதா, பாத்தியா?”

“அழுதா அழட்டும். கை திறக்கணுமா வேண்டாமா?”

 அவர் என் பேச்சைக் கேட்டுக் கொஞ்ச நாள் கல் போட்டும் பார்த்தார். அக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். மாமா மறுபடி கத்தரிக்கே போய்விட்டார். நானும் தலையில் அடித்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

ஒரு நாள் காலை நான் சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். அக்கா அயர்ந்து கிடக்கிறாள், இன்றைக்கு விட்டுவிடலாம் என்று நினைத்திருந்தேன். மாமா விடவில்லை. “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று வழக்கம்போலக் குரல் கேட்டது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை. அப்புறம் ஒரே கத்தல்.

“மச்சான்! ஓடி வா! திறந்துட்டா! கையைத் திறந்துட்டாடா!”

பாலை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். மாமா ஸ்டூலிலிருந்து பாதி எழுந்த நிலையில், இரண்டு விரலையும் நீட்டியபடி நின்றிருந்தார். எதிரே படுக்கையின்மேல் அக்காவின் வலது கை விரிந்து கிடந்தது. ஐந்து விரலும் இளகி, மெத்தென்று.

“காகிதம் போட்டுட்டா பாரு! நான் கத்தரி. அடியே, நான் ஜெயிச்சுட்டேன்டி! இனிமே என்ன, எழுந்து உக்காந்துடுவா பாரு!”

அவர் கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். மூச்சு இல்லை. உயிர் போன பிறகுதான் அந்தக் கை இளகியிருக்கிறது. படுபாவி நான், இதை அவரிடம் எப்படிச் சொல்வேன்?

“மாமா,” என்றேன். 

அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு அவள் முகத்தை. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அழுவார், அலறுவார் என்று பயந்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். நீட்டியிருந்த இரண்டு விரலையும் பார்த்தார். மெதுவாக அவற்றை மடக்கினார். மூடிய கையை அக்காவின் விரிந்த உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் கையைச் சுற்றி மூடினார்.

“இல்லடி, நான் கல்லுதான் போட்டேன்,” என்றார். “நீதான் ஜெயிச்ச.”

அடுப்பில் பால் பொங்கி வழிகிற வாசனை வந்தது. போய் அணைக்க எனக்குக் கால் வரவில்லை.