நீச்சல் குளத்து அக்கா

இதைக் கலியன் என்னிடம் மூன்று முறை சொல்லியிருக்கிறார். மூன்று முறையும் தேதி மாறியதில்லை. மணி மாறியதில்லை. பதினெட்டு வருடம் பட்டாளத்தில் பம்ப் ஓட்டிய மனிதர். எதையும் கூட்டிச் சொல்லத் தெரியாதவர். கடைசிப் பகுதி வரும்போது மட்டும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிடுவார்.  இது நடந்த கதைதான்.

1981 நவம்பர். கலியன் பென்ஷனில் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. டில்லி வசந்த் விஹாரில் ஒரு பஞ்சாபிக் குடும்பத்தின் பெரிய வீட்டில் வேலை கிடைத்தது. வீட்டுக்குப் பின்னால் சொந்தமாக ஒரு நீச்சல் குளம். நாற்பதடி நீளம். ஆழமான பக்கம் எட்டடி. குளிர்காலம் தொடங்கியதும் வீட்டுக்காரர்கள் லண்டனில் இருக்கும் மகளிடம் போய்விடுவார்கள். திரும்பி வருவது ஹோலிக்குத்தான். அதுவரை வீட்டையும் குளத்தையும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அந்த வீட்டு மேம்சாபுக்கு மதராஸி பட்டாளத்துக்காரர்கள் மேல்தான் நம்பிக்கை. முன்பு இருந்தவர்களும் அப்படித்தானாம்.

தங்கிக்கொள்ள அவுட் ஹவுஸில் ஒரு அறை. கலியன் உடனே திண்டிவனம் பக்கத்தில் இருந்த தன் ஊருக்குப் போய் மனைவி செல்வியை அழைத்து வந்தார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம். வருடத்துக்கு ஒரு மாத லீவு தவிர இருவரும் சேர்ந்து வாழ்ந்ததே இல்லை. அந்த ஒற்றை அறைதான் அவர்களுடைய முதல் குடித்தனம்.

குளிர்காலத்தில் யாரும் குளிக்கமாட்டார்கள் என்றாலும் குளத்து வேலை ஓயாது. தண்ணீரை வெளியேற்றக் கூடாது. காலியாக விட்டால் தொட்டி விரிசல் விட்டுவிடும். தினமும் மோட்டாரை ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டும். இலைகளை வலையால் அள்ள வேண்டும். வாரம் ஒரு முறை பிளீச்சிங் பவுடர். சாயங்காலம் ஆனதும் தார்ப்பாயை இழுத்து மூடிக் கயிற்றால் கட்ட வேண்டும். கலியன் கட்டுவது பட்டாளத்து முடிச்சு. தெரியாதவர்களால் அவிழ்க்க முடியாது.

செல்விக்குத்தான் டில்லி ஒட்டவில்லை. ஹிந்தியில் 'அச்சா', 'ஜல்தி' என்ற இரண்டு வார்த்தைகளைத் தவிர ஒன்றும் தெரியாது. பேச ஆளில்லை. முதல் இரண்டு வாரமும் ராத்திரியில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதாள்.

டிசம்பர் நடுவில் ஒருநாள் அவள் முகம் தெளிந்திருந்தது.

"ஏங்க, பக்கத்துல நம்ம பக்கத்து அக்கா ஒருத்தங்க இருக்காங்க. பேரு குஞ்சம்மா. நாகப்பட்டினமாம். நீங்க பால் வாங்கப் போனதும் வருவாங்க."

பக்கத்து வீட்டில் வேலை செய்கிறவளாக இருக்கும் என்று கலியன் நினைத்தார். அவருக்கும் நிம்மதியாக இருந்தது. தினமும் காலை ஐந்து ஐம்பதுக்குப் பால் பூத்துக்குக் கிளம்புவார். ஆறு இருபத்தைந்துக்குத் திரும்புவார். அவர் வரும்போது அந்த அக்கா போயிருப்பாள். ஒருநாள்கூட அவர் கண்ணில் பட்டதில்லை.

டிசம்பர் 19. காலை ஆறு இருபத்தைந்து. மூடுபனி. குளத்தைச் சுற்றிப் போட்டிருந்த சிவப்புக் கல் தரையில் ஈரக் காலடிகள். வெறுங்கால். குளத்தின் விளிம்பிலிருந்து அவுட் ஹவுஸ் வாசல் வரை வந்திருந்தன.

திரும்பிப் போன காலடி ஒன்றுகூட இல்லை.

"நீ குளத்துப் பக்கம் போனியா?"

"இந்தக் குளிர்லயா? எனக்கென்ன பைத்தியமா?"

டிசம்பர் 23. தார்ப்பாயின் ஒரு மூலை திறந்து கிடந்தது. கயிறு அறுபடவில்லை. முடிச்சு அவிழ்க்கப்பட்டிருந்தது. அவிழ்த்த கயிற்றை யாரோ அழகாகச் சுருட்டி வைத்திருந்தார்கள்.

டிசம்பர் 28. மோட்டார் உறுமிவிட்டு நின்றது. இலை அடைத்திருக்கும் என்று கலியன் வடிகட்டியைத் திறந்தார். உள்ளே இலை இல்லை. அரக்கு நிறக் கம்பளி நூல் பந்தாகச் சுற்றியிருந்தது. செல்விக்கு அவர் கரோல்பாக்கில் வாங்கிக் கொடுத்த ஸ்வெட்டரின் நிறம்.

"உன் ஸ்வெட்டர் எங்க?"

"அந்த அக்காவுக்குக் குடுத்துட்டேன். பாவம், எப்பப் பார்த்தாலும் தலை ஈரமா, நடுங்கிக்கிட்டே வராங்க."

 மறுநாள் கலியன் பக்கத்து வீட்டுக் காவல்காரனிடம் போய், உங்கள் வீட்டில் மதராஸி அம்மா யாராவது வேலை செய்கிறாளா என்று ஹிந்தியில் கேட்டார். காவல்காரன் சிரித்தான்.

"எந்த அம்மா, அண்ணே? தீபாவளியிலேர்ந்து வீடு பூட்டிக் கிடக்கு. நான் ஒருத்தன்தான் இருக்கேன்."

அன்றைக்கே செல்வியிடம் சொல்லியிருக்க வேண்டும். அவர் சொல்லவில்லை. சொன்னால் அவள் ஊருக்குப் போகிறேன் என்பாள். பன்னிரண்டு வருடம் காத்திருந்து கிடைத்த குடித்தனம். நாளைக்குச் சொல்லலாம் என்று ஒத்திப்போட்டார். ஆனால் உட்கார்ந்த இடத்தில் அவரால் உட்கார முடியவில்லை. பகலில் நாலு தடவை, ஐந்து தடவை குளத்தைச் சுற்றி வந்தார். கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டினார்.

ஜனவரி 9. டில்லியே தெரியாத மூடுபனி. நீட்டிய கை தெரியவில்லை. பால் வண்டி வரவில்லை என்று பூத்தில் சொல்லிவிட்டார்கள். கலியன் உடனே திரும்பினார்.

கேட்டைத் திறக்கும்போது மணி ஆறு எட்டு.

குளத்துப் பக்கமிருந்து செல்வியின் குரல் கேட்டது.

"ஐயோ, ஜில்லுனு இருக்குக்கா..."

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. யாரோ பதில் சொல்வதற்கு விட்ட இடைவெளி போல...

"சரிக்கா. இருங்க, வரேன்."

தொபுக்.

கலியன் ஓடினார். தார்ப்பாய் பாதி விலகியிருந்தது. தண்ணீரிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. படியில் செல்வி. மார்பு வரை தண்ணீர். வலது கையை ஆழமான பக்கம் நீட்டியிருந்தாள்.

எதிரே யாரும் இல்லை.

ஆனால் அவள் மணிக்கட்டில் தோல் குழிந்திருந்தது. நாலு இடத்தில். நாலு விரல் அழுத்திப் பிடித்தது போல...

அவர் தண்ணீரில் பாய்ந்து அவள் இடுப்பைக் கட்டி இழுத்தார்.

வரவில்லை.

மறுபடியும் இழுத்தார். அந்தப் பக்கம் யாரோ இழுத்தார்கள். ஒரு அலைகூட இல்லை. சத்தம் இல்லை.

அப்போது அவர் காதுக்குப் பக்கத்தில், தெளிவான தமிழில்...

"நீங்களும் கை குடுங்கண்ணே."

கலியன் முருகா என்று அலறினார். பிடி விட்டது. இருவரும் கல் தரையில் வந்து விழுந்தார்கள்.

செல்வி பல் கிட்ட முனகினாள். "அக்காவால மேல ஏற முடியலங்க. கை குடுக்கச் சொன்னாங்க..."

அன்று காலை பத்து மணிக்கே வீட்டைக் காலி செய்தார்கள். சாவியை மேம்சாபின் தம்பியிடம் கொடுத்துவிட்டு, ஆர்.கே.புரத்தில் குமாஸ்தாவாக இருந்த நண்பர் பூவராகவனின் குவார்ட்டர்ஸில் போய் ஒண்டிக்கொண்டார்கள். குளத்தில் செத்துப்போன யாரோ ஒரு குஞ்சம்மாவின் ஆவி என்று நண்பர் சொன்னார். கலியனும் அப்படித்தான் நம்பினார்.

தைப்பூசம் வரைக்கும்.

அன்று ஆர்.கே.புரத்து முருகன் கோயிலான மலை மந்திரில் நல்ல கூட்டம். படியேறும்போது செல்வி அவர் சட்டையை இறுகப் பிடித்தாள்.

"அதோ... குஞ்சம்மாக்கா."

அர்ச்சனைத் தட்டோடு ஒரு பெண். இடது கண்ணுக்குக் கீழே மச்சம். பக்கத்தில் கணவன். உயிரோடு, வியர்வையோடு, வெயிலில் நிழல் விழ நின்றுகொண்டிருந்தாள். பெயரைக் கேட்டுத் திரும்பினாள்.

"யாரும்மா நீ? எம்பேரு உனக்கு எப்படித் தெரியும்?"

கலியன் வசந்த் விஹார் வீட்டைச் சொன்னார். அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் கணவன் பச்சைமுத்துதான் பேசினார். அவரும் பட்டாளத்துக்காரர். "எண்பது குளிர்ல நாங்க அங்க இருந்தோம். இவளை நான்தான் தண்ணியிலேர்ந்து இழுத்தேன். இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தா..."

"நான் இன்னும் சாகலம்மா," என்றாள் குஞ்சம்மா மெதுவாக. "உங்கிட்ட வந்தது எம்பேரைச் சொல்லிச்சா?"

"பேரு மட்டும் இல்லக்கா. இதே முகம். இதே குரல்."

"என்கிட்ட வந்தது வேலம்மாள்னு சொல்லிச்சு. எங்களுக்கு முந்தி அந்த வேலையில இருந்தவரோட சம்சாரம். அந்தம்மா இப்போ கோயமுத்தூர்ல நல்லா இருக்காங்க."

 செல்வி தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

கலியனுக்கு வேறு வேலை கிடைத்தது. தனியாக ஒரு குவார்ட்டர்ஸும் வாடகைக்குக் கிடைத்தது. ஆனால் அடுத்த நவம்பர் வந்ததும் தூக்கம் போய்விட்டது. இந்த வருடம் அங்கே யார் இருக்கிறார்கள்? அங்கே இருப்பவரின் மனைவியிடம் அது யார் முகத்தில் வரும்? 

1982 டிசம்பர் 12. விழித்துக் கிடந்தவர் சட்டென்று எழுந்து சைக்கிளை எடுத்தார். யாரிடமும் சொல்லவில்லை. செல்வி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். வசந்த் விஹார் பால் பூத்தில் மணி ஐந்து ஐம்பத்தைந்து. வரிசையில் பட்டாளத்துக் கோட்டோடு ஒரு மதராஸி நின்றிருந்தார். பெயர் சேஷன். அந்த வீடேதான். வந்து ஒரு மாதமாம்.

"உங்க சம்சாரத்தைப் பார்க்க யாராவது வராங்களா?"

"ஆமா, உங்களுக்கு எப்படித் தெரியும்? திண்டிவனத்து அம்மா ஒருத்தங்க வராங்களாம். நான் பார்த்ததில்ல."

"பேரு?"

"செல்வின்னு சொன்னா."

கலியன் அவரை வரிசையிலிருந்து இழுத்துக் கேரியரில் உட்காரவைத்து மிதித்தார். மூச்சு வாங்க உள்ளே ஓடினார்கள்.

அவுட் ஹவுஸில் விளக்கு எரிந்தது. சேஷனின் மனைவி வைதேஹி அடுப்படியில்தான் இருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. கலியனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். தெரிந்தவரைப் பார்ப்பது போலச் சிரித்தாள்.

"நீங்கதான கலியன் அண்ணா? செல்வியக்கா இப்பத்தான் போனா. 'எங்க வீட்டுக்காரர் இன்னைக்குச் சைக்கிள்ல வருவார், வந்தா குளத்துப் பக்கம் அனுப்பு'ன்னு சொல்லிட்டுப் போனா."