நிற்கச் சொல்லும் தசை

முதலில் மரத்துப்போனது நான் உட்காரும் இடம்தான். பின்புறம், உள்தொடைகள், அவற்றுக்கு நடுவில் உள்ள பகுதி. இதை எழுதவே எனக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறதென்றால், மருத்துவரிடம் சொல்ல எவ்வளவு கூசியிருப்பேன் என்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அந்த இடத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால், படிப்பதை இங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். மிச்சத்தைத் திரும்பி வந்து படிக்கலாம்.

நான் போகவில்லை. நான் குதிரையேற்றக்காரி. நாள் முழுக்கச் சேணத்தில் உட்காருகிறவளுக்கு மரத்துப்போவது ஒரு செய்தியா? சேணம் சரியில்லை என்று முடிவு கட்டினேன். அடியில் ஆட்டுத்தோல் விரிப்புப் போட்டேன். பிறகு சேணத்தையே மாற்றினேன். வேறு வேலை பார்க்கிற பெண்ணாக இருந்தால் பயந்து ஓடியிருப்பாள். எனக்குப் பழிபோட ஒரு தோல் சாமான் வசமாகக் கிடைத்திருந்தது.

குதிரையின் பெயர் கமர். அரபியில் நிலா என்று பொருள். துபாய்க்கு வெளியே, மணல்காட்டை ஒட்டிய ஒரு லாயத்தில் இருக்கிறான். சொந்தக்காரி லாயத்தை நடத்தும் அரபுப் பெண்மணி, ஏறுகிறவள் நான். முரட்டுக் குட்டியாக வந்து இறங்கிய நாளிலிருந்து அவனை வேறு யாரும் போட்டியில் ஓட்டியதில்லை. என் பிள்ளைகளின் பள்ளி விழாக்களைத் தவறவிட்டிருக்கிறேன், அவனுடைய லாடம் கட்டும் நாளைத் தவறவிட்டதில்லை. என் கணவர் நசீருக்குத் துபாயில் அல் கூஸ் பகுதியில் உதிரிபாகக் கடை. “உனக்கு ரெண்டு வீட்டுக்காரர்” என்று கேலி செய்வார்.

நாங்கள் ஆடுவது டிரெசாஜ். தடை தாண்டுவதோ பந்தய ஓட்டமோ இல்லை. குதிரை நடக்க வேண்டும், பக்கவாட்டில் நகர வேண்டும், இருந்த இடத்திலேயே தாளம்போட வேண்டும், சிலைபோல நிற்க வேண்டும். ஏறியிருப்பவர் ஏதாவது சொன்னது வெளியே தெரியக் கூடாது. எல்லாப் பேச்சும் உட்காரும் இடத்தில் இருந்துதான் போகும்.

அந்தப் பேச்சைக் கமர் கேட்காமல் போனான். நில் என்றால் நின்றவன், இரண்டடி கூடுதலாக நடந்தான். ஒரு பக்கமாகச் சாய்ந்தான். உடனே குதிரை மருத்துவரை வரவழைத்தேன். கால், முதுகு, பல் எல்லாம் பார்த்தார், ஒன்றுமில்லை என்றார். கமரைப் பராமரிக்கும் செல்வம் அறந்தாங்கிக்காரர். “கண்ணு பட்டுருச்சு மேடம். நம்ம தர்ஷினி மேடம் பாக்குற பார்வையே சரியில்ல” என்றார். தர்ஷினி யாழ்ப்பாணத்துக்காரி, துபாயில் பல் மருத்துவர், என் வயதுதான். ஒவ்வொரு போட்டியிலும் எனக்கு முன்னால் அல்லது பின்னால் வருகிறவள். எங்களுக்குள் சிரித்துப் பேசும் அளவுக்குப் பழக்கம், நம்பிப் பேசும் அளவுக்கு இல்லை.

எல்லாவற்றையும் சோதித்தோம், என்னைத் தவிர.

போட்டியில் வெள்ளைக் காற்சட்டை அணிவது எங்கள் வழக்கம். அன்று கடைசியாக நடுக்கோட்டில் நின்று நடுவருக்கு வணக்கம் சொல்ல வேண்டும். கமர் நிற்கவில்லை. அந்த எரிச்சலோடு வெளியே வந்து இறங்கினேன். செல்வம் குதிரைக்குப் போர்த்தும் துணியைச் சட்டென்று என் இடுப்பில் சுற்றினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. திரும்பிப் பார்த்தேன். சேணம் பளபளவென்று நனைந்திருந்தது. எனக்கு எதுவுமே தெரியவில்லை, ஈரம்கூட.

“தண்ணி பாட்டில் கொட்டிருச்சு” என்றேன்.

“ஆமா மேடம், மூடி லூசு” என்றார் செல்வம். அங்கே பாட்டிலே இல்லை.

அன்றைக்கே மருத்துவமனைக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் தோஹாவில் ஒரு லாயம் கமரைக் கேட்டுக்கொண்டிருந்தது. நான் ஓட்டிக்கொண்டிருக்கும்வரை அவனை விற்பதில்லை என்று சொந்தக்காரி சொல்லியிருந்தார். ஏற முடியாதவள் என்று தெரிந்தால் அவன் போய்விடுவான். பேட் வைத்துக்கொண்டு, கறுப்புக் காற்சட்டைக்கு மாறி, பயிற்சிக்குப் போனேன். குளிக்கும்போது அழுதேன். கால் இழுக்க ஆரம்பித்த பிறகுதான் நசீர் பிடிவாதமாக ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போனார்.

வயதான மருத்துவர் முதுகைத் தட்டிப் பார்த்துவிட்டு, கேட்க வேண்டியதைக் கேட்டார். “ஒண்ணுக்கு, ரெண்டுக்கு எல்லாம் சரியாப் போகுதாம்மா?”

பக்கத்து நாற்காலியில் நசீர். ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகளை வளர்த்துவிட்டோம். எங்களுக்குள் அந்தப் பேச்சு வந்ததே இல்லை. “எல்லாம் சரியாத்தான் இருக்கு டாக்டர்” என்றேன். வலி மாத்திரையோடு வீடு திரும்பினோம். நான் செய்ததிலேயே பெரிய மடத்தனம் அதுதான்.

இரண்டு நாளில் சிறுநீர் வருவதே நின்றுவிட்டது. வயிறு கல்லாகிவிட்டது. அவசரப் பிரிவில் இருந்த பெண் மருத்துவர் மதுரைப் பக்கம். நசீரை வெளியே அனுப்பிவிட்டு, சுற்றி வளைக்காமல் கேட்டார்: “கழுவும்போது கை படுறது தெரியுதா?”

“தெரியல.”

“எவ்வளவு நாளா?”

சொன்னேன். அவர் முகம் மாறியது. முதுகெலும்புத் தட்டு (எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் வட்டு) பிதுங்கி, குதிரைவால் நரம்புக்கற்றையை (முதுகெலும்பின் அடிப்பகுதியில் கொத்தாக இறங்கும் நரம்புகள், கால்களுக்கும் சிறுநீர்ப்பைக்கும் போகின்றன) நசுக்கிக்கொண்டிருந்தது. எம்ஆர்ஐ (காந்தப்புலத்தால் உள்ளுறுப்பைப் படம்பிடிப்பது) எடுத்த கையோடு அறுவைச் சிகிச்சை. இந்த நோயில் சீக்கிரம் வருவதுதான் மருந்து, நேரம் போனால் நரம்பு திரும்பாது என்றார்கள். அந்த நேரத்தை நான் பேட்டுக்குள் ஒளித்து வீணாக்கியிருந்தேன்.

கண் விழித்தபோது நசீர் கட்டிலருகே இருந்தார். மருத்துவர் எல்லாம் சொல்லியிருக்கிறார் போல.

“அன்னைக்கு அந்த டாக்டர் கேட்டாரே, ஏன் சொல்லல?”

“நீங்க பக்கத்துல இருந்தீங்க.”

போர்வையை என் தோள்வரை இழுத்துவிட்டார். “சொல்லிருந்தா நான் எந்திரிச்சு வெளிய போயிருப்பேனே ரஹ்மா” என்றார்.



கால்கள் திரும்பின. முதலில் நடைச்சட்டம், பிறகு நசீரின் தோள், பிறகு தனியாக. தொடையில் உணர்ச்சி திட்டுத்திட்டாக வந்தது. சிறுநீர்ப்பை வரவில்லை. நானே குழாய் வைத்து (மெல்லிய குழாயைச் செலுத்தி வெளியேற்றுவது) எடுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். நேரம் பிந்தினால் கசியும். முன்பு என் நாளைத் தீவனமும் பயிற்சியும் பிரித்தன. இப்போது பள்ளிவாசலில் பாங்கு சொல்லும்போதெல்லாம் குழாயை எடுத்துக்கொண்டு போகிறேன். இந்த உடம்போடு தொழுகைக்கு நிற்கலாமா என்று கேட்கவே வெட்கப்பட்டுப் பல வாரம் பாய் விரிக்கவில்லை. ஒவ்வொரு வேளைக்கும் புதிதாக ஒளு (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது) எடுத்தால் போதும், உங்களைப் போன்றவர்களுக்குச் சலுகை உண்டு என்று மார்க்கம் படித்த ஓர் ஆலிமா சொன்னார். கேட்டிருந்தால் முதல் வாரமே சொல்லியிருப்பார்.

இதற்குள் லாயத்தில் கமரின் கதை முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. நான் ஒருமுறை ஏறிப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே நான் என்ன சொல்கிறேன் என்பது எனக்கே தெரியவில்லை. அவன் காதுகளை முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிக் கேட்டுப் பார்த்தான். அவன் முதுகில் இருந்துகொண்டு நான் கூசியதுபோல எந்த மனிதர் முன்னாலும் கூசியதில்லை. வேறு யாராவது அவனைச் சரியாக ஓட்டிக்காட்டினால் இங்கேயே வைத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் தோஹா, கலாஸ், அதோடு முடிந்தது என்றார் சொந்தக்காரி. முன்வந்தவள் தர்ஷினி.

அன்று மாலை உள்ளரங்கின் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொந்தக்காரியும் இருந்தார். மற்றதெல்லாம் கமர் செய்தான். நிற்க மட்டும் மாட்டேன் என்றான். தர்ஷினி கடிவாளத்தை இழுக்கத் தலையை உதறினான். சொந்தக்காரி போனை எடுத்துத் தோஹா லாயத்தின் எண்ணைத் தேட ஆரம்பித்தார்.

தர்ஷினி என் பக்கமாக ஓட்டி வந்தாள். முகம் சிவந்திருந்தது. “முதுகை நிமித்தினனான், மூச்சை விட்டனான், எல்லாம் செய்து பாத்திட்டன். இவன் நிக்கிறானில்லை. நீங்கள் என்னெண்டு இவனை நிப்பாட்டுறனீங்கள்?”

எனக்குத் தெரியும். எப்போதும் தெரியும். “இடுப்பக் கொஞ்சம் இறுக்கணும்” என்று மழுப்பினேன்.

“இடுப்பிலை எது?”

செல்வம் இரண்டடியில் நிற்கிறார். அவள் என் போட்டிக்காரி. என் காது சுட்டது.

“ஒண்ணுக்கு வந்தா அடக்குவோம்ல, அந்தத் தசை. அத மேல இழுத்து ஒரு நொடி பிடிக்கணும். அவனுக்கு நான் அப்படித்தான் பழக்குனேன்.” அங்கேயே விட்டிருக்கலாம். வாய் நிற்கவில்லை. “எனக்கு இப்ப அது வேல செய்யல. எனக்கு மூத்திரம் நிக்காது தர்ஷினி. அதனாலதான் இவனும் என்கிட்ட நிக்கல.”

செல்வம் குனிந்து மணலில் எதையோ தேடினார். தர்ஷினி சிரிக்கவில்லை. கமரின் கழுத்தைத் தடவிக்கொண்டே, “ரெண்டு பிள்ளை பெத்தாப் பிறகு எனக்கும் அது அவ்வளவு திறமில்லை. பாப்பம்” என்றாள்.

ஒரு சுற்று போனாள். நடுக்கோட்டுக்குத் திரும்பினாள். கமர் நின்றான். நான்கு கால்களும் ஒரே சதுரத்தில், வாலைக்கூட ஆட்டாமல்.

குதிரை நிற்பதற்கு முன்னால் ஒரு கணம் உண்டு. இவ்வளவு ஆண்டுகளும் அது என் உடம்புக்குள் நடந்து முடிந்தது. அதற்கு நீளம் இருப்பதே எனக்குத் தெரியாது. இப்போது வெளியே நின்று, இன்னொருத்தியின் முதுகில் அது உண்டாவதையும் அவன் காது அதைப் பிடிப்பதையும் முழுசாகப் பார்த்தேன். பொறாமையில் நெஞ்சு எரிந்தது. வெட்கம் போய்விட்டது என்று சொன்னால் பொய். அந்த வெட்கத்தோடேயே வேலியைப் பிடித்தபடி நின்றேன்.

சொந்தக்காரி போனைப் பைக்குள் போட்டார். “நாளைக்கும் வரச்சொல்லு” என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

தர்ஷினி பெருமையாக என்னைப் பார்த்தாள்.

“இப்ப விட்டுட்டீங்க, அவன் இடது கால் அசையுது பாருங்க” என்று கத்தினேன். “பிடிங்க. இன்னும். விடாதீங்க.”