சர்வாதிகாரியின் மணிக்கட்டு

சென்ற வருடம் ஆனி மாதக் கடைசியில், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் மூடிக் கிடக்கும் ஒரு இரும்புக் கம்பி ஆலைக்குள் நடந்தது இது. அங்கே சினிமா எடுத்தார்கள். எந்தக் காலத்திலோ எந்த நாட்டையோ ஆண்ட ஒரு சர்வாதிகாரியையும், அவனுக்கு வைத்தியம் பார்த்த சொந்த டாக்டரையும் பற்றிய கதை. எங்கள் ஊர் ஆலை அந்த நாட்டு அரண்மனையாகிவிட்டது. துருப்பிடித்த தூண்களுக்குச் சிவப்புத் துணி சுற்றியிருந்தார்கள். பதினான்கு தூண்.

எனக்கு வயது எழுபத்து மூன்று. முப்பத்தொரு வருடம் ஒரு தொழிற்சாலையின் முதலுதவி அறையில் கம்பவுண்டராக இருந்தவன். டாக்டராக நடித்தவருக்கு நாடி பிடிக்கத் தெரியவில்லையாம். பேனாவைப் பிடிப்பது போல மணிக்கட்டைப் பிடித்தாராம். அதனால் கைகளை மட்டும் அருகில் காட்டும் காட்சிக்கு, உண்மையில் நாடி பார்த்துப் பழகிய கிழட்டுக் கை ஒன்று தேவைப்பட்டது. டீக்கடையில் விசாரித்து என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். முதலில் பிகு செய்தேன். அவர்கள் தெருமுனை தாண்டுவதற்குள் திரும்பக் கூப்பிட்டு, சரி என்றேன்.

சர்வாதிகாரியாக நடித்த பெரிய நடிகரும் அன்று வரவில்லை. அவர் கைக்குப் பதிலாக, சிப்பாய் வேஷம் போட வந்திருந்த உள்ளூர்த் தொழிலாளி ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஐம்பது வயது இருக்கும். பக்கத்துக் கம்பெனியில் லோடு ஏற்றும் வேலை. மணிக்கட்டு உலக்கை மாதிரி இருந்தது. தங்க ஜரிகை வைத்த கோட்டை மாட்டி அவரைச் சிம்மாசனத்தில் உட்கார வைத்ததும், கூட வந்த சிப்பாய்கள் விடவில்லை.

"இன்னா தலைவரே, இன்னிக்கி யாரச் சுடப்போறே?"

"மொதல்ல நம்ம கேன்டீன்காரனத்தாம்பா. சாம்பார்ல தண்ணிதான் கீது."

காட்சி இதுதான்: டாக்டர் நாடி பார்க்கிறார், உடம்பு மோசமாக இருப்பது தெரிகிறது, உயிருக்குப் பயந்து எல்லாம் சுகம் என்று சொல்லிவிடுகிறார். உதவி இயக்குநர் இதை விளக்கியபோது, இந்த டாக்டரெல்லாம் ஒரு மனுஷனா என்று நான்தான் கேட்டேன். சத்தமாகவே கேட்டேன்.

முதல் டேக்கில் அவர் மணிக்கட்டில் விரல் வைத்தேன். நடிப்பென்றாலும் விரல் பட்டால் எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது. எதிரே சுவர்க்கடிகாரம் வேறு ஓடிக்கொண்டிருந்தது. ஐந்தாறு துடிப்பு ஓடியது. அப்புறம் இரண்டு ஒன்றின் மேல் ஒன்று விழுந்தது. அப்புறம் ஒன்றைக் காணோம். அப்புறம் மழைத்துளி விழுவது போல ஒழுங்கில்லாமல் அடித்தது. நிமிடத்துக்கு நூற்றுப்பதினெட்டு, சும்மா உட்கார்ந்திருக்கிற மனிதனுக்கு.

இப்படித் தாறுமாறாக அடிக்கும் நாடியை என் பணிக்காலத்தில் ஆறு பேரிடம் பார்த்திருக்கிறேன். ஆறு பேரையும் அன்றைக்கே டாக்டரிடம் அனுப்பியிருக்கிறேன். வேலையை விட்டுவிட்டு வர முடியாது என்று சண்டை போட்ட ஒருவரை, வாட்ச்மேனைக் கூட்டிக்கொண்டுபோய் நானே பஸ் ஏற்றியிருக்கிறேன்.

அன்று வாயைத் திறக்கவில்லை.

சொல்ல நினைத்தேன் என்பது உண்மை. டைரக்டர் இருபத்தெட்டு வயதுப் பையன், கத்திக்கொண்டே இருந்தான். விளக்குச் சூடு, கரண்ட் போய்ப் போய் வந்தது, நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. இப்போது சொன்னால் இவரை எழுப்பிவிடுவார்கள், வேறு ஆள் தேடுவார்கள், இன்றைக்கு இந்தக் காட்சி நின்றுபோகும், நாளைக்கு என்னைக் கூப்பிடாமலும் போகலாம். எங்கள் தெருவில் இருபத்திரண்டு வீடு. பதினாறு வீட்டில் என் கை சினிமாவில் வரப்போவதைச் சொல்லியாகிவிட்டது. முடியட்டும், சாயங்காலம் தனியாகக் கூப்பிட்டுப் பக்குவமாகச் சொல்லலாம் என்று முடிவு செய்தேன்.

மொத்தம் பத்தொன்பது டேக். பத்தொன்பது முறையும் அந்த நாடி என் விரலுக்கடியில் தடுமாறியது.

பன்னிரண்டாவது டேக் முடிந்து டீ வந்தபோது அவர் சிம்மாசனத்தில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்தார். "இன்னா டாக்டரே, தலைவரு ஒடம்பு எப்டிக் கீது?"

எல்லாரும் என் பதிலுக்காகப் பார்த்தார்கள். முகத்தை டாக்டர் மாதிரி வைத்துக்கொண்டு, "இன்னும் நூறு வருஷம் ஆளலாம், தலைவரே" என்றேன். சிப்பாய்கள் கைதட்டினார்கள். டைரக்டர் கூடச் சிரித்தான். என் வாழ்நாளில் ஒரு கூட்டத்தை நான் சிரிக்க வைத்தது அந்த ஒரு முறைதான். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஒரு நிம்மதி இருந்ததை அப்போது நான் கவனிக்கவில்லை.

ஐந்தரைக்கு வேலை முடிந்தது. அவரைக் கூப்பிடத்தான் எழுந்தேன். அதற்குள் டைரக்டர், "பெரியவரே, வந்து பாருங்க, உங்க கை எப்படி நடிச்சிருக்குன்னு" என்று மானிட்டர் பக்கம் அழைத்தான். போனேன். என் விரல்கள் அத்தனை பெரிதாக, அத்தனை கம்பீரமாக இருந்தன. இன்னொரு தடவை போடச் சொன்னேன். மூன்றாவது தடவையும் கேட்டேன். திரும்பிப் பார்த்தபோது கோட்டு மட்டும் சிம்மாசனத்தில் கிடந்தது. தொழிலாளர்களின் வேன் போய்விட்டது.

அவருடைய கம்பெனி எனக்குத் தெரியும். என் வீட்டிலிருந்து பஸ்ஸில் மூன்று நிறுத்தம். மறுநாள் போக நினைத்தேன். மறுநாள் மழை. அதற்கடுத்த நாள் எனக்கு முழங்கால் வலி. அப்புறம், உண்மையில் ஏதாவது இருந்தால் அவரே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் நினைப்பதையும் விட்டுவிட்டேன். மீதி ஆறு வீட்டுக்கும் சினிமா சமாச்சாரத்தைச் சொல்லி முடித்தேன்.

முப்பத்து நான்காம் நாள், ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்து வணக்கம் சொன்னார். சிப்பாய்களில் ஒருவர். "சார், மேட்டரு தெரியுமா? நம்ம தலைவருக்கு ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கிச்சு. பேச்சும் இல்ல. லாரி ஸ்டான்ட்ல சிமென்ட் மூட்டை தூக்கினு இருந்தாரு, அப்டியே உக்காந்துட்டாரு."

அவரிடமே வீட்டு அடையாளம் கேட்டுக்கொண்டு, அரிசி வாங்காமலே கிளம்பினேன். கவரைப்பேட்டை பக்கம் ஒரு காலனி வீடு. கட்டிலில் படுத்திருந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. அந்த உலக்கைக் கை, அவருடையதே இல்லாதது போல, போர்வைக்கு மேல் கிடந்தது. என்னைப் பார்த்ததும் கண்ணில் நீர் வந்துவிட்டது. அடையாளம் தெரிந்துவிட்டது என்று அவர் மனைவிக்கு ஒரே சந்தோஷம். நாற்காலியைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"உங்களப் பத்திதாங்கய்யா பேசிக்கினே இருப்பாரு. ஷூட்டிங்குக்கு முன்னாடி ஒரு வாரமா நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குதுன்னாரு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு நான் லீவு கூடச் சொல்லி வச்சிட்டேன். ஷூட்டிங்லேர்ந்து வந்து, கம்பவுண்டரு ஐயா நாள் பூரா கையப் புடிச்சிப் பாத்துட்டாரும்மே, ஒரு கொறையும் இல்லைன்னுட்டாரு, இன்னாத்துக்கு ஆஸ்பத்திரின்னு உட்டுட்டாருங்கய்யா."

அப்புறம் சாதாரணமாக, குற்றம் சொல்வதற்காக அல்ல, தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டார்: "நீங்க பாத்தப்ப நல்லாத்தானே இருந்துச்சு?"

கட்டிலிலிருந்து அவரும் என்னைப் பார்த்தார்.

"நல்லாத்தாம்மா இருந்துச்சு" என்றேன்.

அந்த அம்மாள் தலையாட்டிக்கொண்டார். விதி என்றார். எனக்கு டீ போட எழுந்தார். நான் அதையும் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

அதற்குப் பிறகு உண்மையைச் சொல்லிவிட மூன்று முறை கிளம்பினேன். இரண்டு முறை ரயில்வே ஸ்டேஷன் வரை போனேன், ஒருமுறை அவர்கள் தெரு வரைக்கும் போய்த் திரும்பினேன். படம் இன்னும் வெளிவரவில்லை. எப்போது வரும் என்று தெருவில் கேட்பவர்களிடம் எனக்குத் தெரியாது என்று சொல்லிவிடுகிறேன். கதையில் வரும் டாக்டர் பொய் சொல்லும்போது அவர் பின்னால் இரண்டு துப்பாக்கிக்காரர்கள் நிற்பார்கள். எனக்குப் பின்னால் ஒருவர்கூட நிற்கவில்லை என்பதை இந்த வயதில் தினமும் எழுந்ததும் நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.